வண்டிக்கு வாடகை கொடுத்தார்களா?

யுத்தம் பார்க்கக் கட்டணம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றார்கள். காலை இட்லி, பகல் சாப்பாடு, மாலைத் தேநீர் எல்லாம் அதில் அடக்கம். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே யுத்தங்களுக்குப் போனவர்களுக்கு இவ்வளவு வசதி கிடைத்திருக்காது. மலிவாகத்தான் இருக்கிறது என்று நினைத்துப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

'ஒரே நாளில் கர்நாடக யுத்தக் களங்கள்' என்பது அந்தப் பிரயாணத்தின் பெயர். நடத்துகிறவர்களின் பெயர் வேண்டாம். அவர்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. இட்லி நன்றாகவே இருந்தது. என் வழக்கு அவர்களோடு மட்டும் அல்ல என்பதைக் கடைசிவரை படிப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

புதுச்சேரியில் காலை ஆறரை மணிக்கு வேன் புறப்பட்டது. பதினான்கு பேர் இருந்தோம். ஏறியதும் எல்லாருக்கும் காகிதத் தொப்பி கொடுத்தார்கள். பாதிப்பேருக்குச் சிவப்பு, பாதிப்பேருக்கு நீலம். சிவப்பு என்றால் இங்கிலீஷ்காரர், நீலம் என்றால் பிரெஞ்சுக்காரர். வழியெல்லாம் வினாடி வினா நடக்குமாம். ஜெயிக்கிற கட்சிக்கு இரவு புதுச்சேரி திரும்பியதும் ஐஸ்கிரீமாம். எனக்கு நீலம் வந்தது. என் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி சிவப்பு. "சார், நீங்க தோத்துப் போவீங்க, சரித்திரம் அப்படி" என்று என்னிடம் முன்கூட்டியே துக்கம் விசாரித்தார்.

வழிகாட்டியாக வந்த தம்பி கெட்டிக்காரர். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவர். தேதிகளைத் தப்பில்லாமல் சொன்னார். திண்டிவனத்தை நெருங்கும்போது பெருமுக்கல் மலைக்கோட்டையைப் பற்றிச் சொன்னார். 1760இல் அதைப் பிடிக்கப்போன கர்னல் அயர் கூட்டுக்கு முழங்காலில் காயம் பட்டதாம். உடனே சிவப்புக் கட்சியார் "ஐயோ!" என்று பரிதாபப்பட்டார்கள். எந்த முழங்கால், வலதா இடதா என்று ஓர் அம்மாள் கேட்டாள். தம்பிக்குத் தெரியவில்லை. கூகுளில் பார்த்துச் சொல்வதாக வாக்களித்தார்.

பிறகு வந்தவாசி. 1760 ஜனவரி 22ஆம் தேதி இங்கேதான் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதினார்கள். தென்னாட்டில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முதுகெலும்பு முறிந்தது இந்த மண்ணில். புகழ்பெற்ற புஸ்ஸி பிடிபட்டதும் இங்கேதான். அகழியையும் சிதைந்த கோட்டைச் சுவரையும் பார்த்தோம். ஊருக்கு வெளியே வயல்களும் வீட்டு மனைக் கற்களும் கலந்து கிடந்த ஓர் இடத்தில் எங்களை இறக்கி, சிவப்புத் தொப்பிகளை ஒரு பக்கமும் நீலத் தொப்பிகளை எதிர்ப்பக்கமும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். "சார்ஜ்!" என்று கத்தச் சொன்னார்கள். கத்தினோம். நானும் கத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

பகலுக்குமேல் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் இணைத்து நிற்கும் அந்தக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. இனிக் கூட்டம் பெருகும். 1750 செப்டம்பரில் ஓர் இரவில் புஸ்ஸி அதை ஏறிப் பிடித்த கதையைத் தம்பி மிக விறுவிறுப்பாகச் சொன்னார். அதே டிசம்பரில், அந்த வட்டாரத்தில் பாளையம் இறங்கியிருந்த நாசர் ஜங் கொலையுண்டதையும் சொன்னார். அந்த வெற்றிக்கு ஞாபகார்த்தமாக டூப்ளே ஒரு புது ஊரையே எழுப்பத் தொடங்கியதையும், 1752இல் கிளைவ் வந்து அதை இடித்துத் தள்ளியதையும் சொன்னார். எல்லாம் உண்மை. எல்லாரும் கைதட்டினார்கள்.

காலையிலிருந்து மாலை வரை ஏறக்குறைய முப்பது பெயர்களைக் கேட்டேன். கவர்னர்கள், கர்னல்கள், நவாபுகள், நிஜாமின் பிள்ளைகள். இந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு சாதாரண மனிதரின் பெயர் அந்த முப்பதில் இல்லை. பெயர் கிடக்கட்டும், அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்ற செய்திகூட இல்லை. எங்கள் வழிகாட்டி காட்டிய 1760ஆம் வருஷத்துத் தென்னார்க்காடு ஜில்லாவில் குடிமக்களே கிடையாது. வெறும் மேட்டுநிலம், அதில் இரண்டு கம்பெனிகள்.

*

விழுப்புரம் வழியாகத் திரும்பினோம். அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு, அதைத் தாண்டினால் வில்லியனூர், மறுபடி புதுச்சேரி. கிழிந்த வேட்டியில் ஒட்டுப்போட்டதுபோல இரண்டு ஆட்சிகள். எல்லை எங்கே என்று கண்டுபிடிக்கத் தேசப்படம் வேண்டாம். மதுக்கடைப் பலகைகள் எங்கே அடர்த்தியாகத் தொடங்குகின்றன என்று பார்த்தால் போதும். இந்த ஒட்டுகளைத் தைத்தவை அந்த யுத்தங்களும் அவற்றின் முடிவில் ஐரோப்பாவில் எழுதிய ஒப்பந்தங்களும்தான். வில்லியனூரும் பாகூரும் 1783ஆம் வருஷத்து வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட ஊர்கள். 1954இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1962இல் சட்டப்படியும் விலகினார்கள். தையல் மட்டும் பிரியவில்லை. காலையிலிருந்து நாங்கள் பார்த்த எல்லாச் சின்னங்களையும்விட உயிரோடு இருக்கிற சின்னம் இந்தச் சாலைதான். ஆனால் அந்த நேரத்தில் வேனில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கண்ணயர்ந்துவிட்டார்.

கண்டமங்கலத்தில் தேநீருக்கு நிறுத்தினார்கள். நான் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். வேன் ஓட்டி வந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்தப் பக்கத்துக்காரர். நாள் முழுதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கதைகளையும் அவரும் கேட்டிருக்கிறார். அது அவருக்கு எத்தனையாவது தடவையோ!

"சார், ஒரு சந்தேகம்," என்றார். "இந்தப் பீரங்கி, குண்டு, மருந்து, அரிசி மூட்டை எல்லாம் இத்தனை தூரம் வந்திருக்கே, மாட்டு வண்டியிலதானே வந்திருக்கும்?"

"ஆமாம். மாட்டு வண்டி, பொதி மாடு, ஆள் தலை."

"வண்டி நம்ம ஊர் வண்டியாத்தான் இருக்கும்?"

"அப்படித்தான் இருக்கும்."

"வாடகை கொடுத்தாங்களா சார்?"

நான் இருபது வருஷமாகச் சரித்திரக் கதைகள் எழுதுகிறவன். அந்தக் கேள்வியை என்னிடம் எந்த விமர்சகரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

*

அவருக்கு அப்போது சொல்லாத பதிலை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

லாலி புதுச்சேரியில் வந்து இறங்கியது 1758 ஏப்ரல் 28ஆம் தேதி. இறங்கிய கையோடு கடலூரின்மேல் படையை ஏவினார். வண்டி இல்லை, மாடு இல்லை, வழிக்குச் சாப்பாடு இல்லை. அதற்காக அந்த மகானுபாவர் காத்திருக்கவில்லை. ஊர் ஜனங்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். வண்டி இழுக்க வைத்தார். இன்னார் இனியார் என்று பார்க்கவில்லை. கோயிலில் மணியடித்தவரும் வயலில் ஏர் பிடித்தவரும் ஒரே நுகத்தடியில். ஜாதி பார்க்காததற்காக அவரைச் சமூகச் சீர்திருத்தவாதி என்று யாராவது பாராட்டப் புறப்பட்டால், மனிதரை மாடாக்குவதில் சமத்துவம் காட்டியவர் என்று திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜூன் 2ஆம் தேதி செயின்ட் டேவிட் கோட்டை விழுந்தது. எங்கள் தம்பி அந்தத் தேதியைச் சொன்னார். சுமந்தவர்களைச் சொல்லவில்லை.

ஆகவே வாடகை கொடுக்கவில்லை என்பதுதான் பதிலின் முதல் பாகம்.

இரண்டாவது பாகம் வந்தவாசிக்குப் பிறகு வருகிறது. வெற்றி பெற்ற கூட், புதுச்சேரிக்கு அரிசியும் மாடும் போகாமல் தடுக்க வேண்டும் என்று நினைத்தார். யுத்த சாஸ்திரப்படி சரிதான். அதற்கு என்ன வழி? சுற்று வட்டாரத்துக் கிராமங்களைப் பாழாக்கக் குதிரைப் படையை அனுப்பினார். ஊர்கள் எரிந்தன, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பலத்தைக் குறைப்பது என்று புத்தகங்களில் இதற்குப் பெயர். எரிந்த கூரை பிரெஞ்சுக்காரருடையதா? ஓட்டிச்சென்ற உழவு மாடு பிரெஞ்சு மாடா?

மூன்றாவது பாகத்தை எழுதக் கொஞ்சம் தயங்குகிறேன். 1760 கடைசியில் புதுச்சேரி முற்றுகையில் இருந்தது. ஊருக்குள் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. பின்னால் யானையையும் ஒட்டகத்தையும் குதிரையையும் அறுத்துத் தின்னும் நிலைக்கு வந்த முற்றுகை அது. நவம்பர் கடைசியில் லாலி ஒரு முடிவு செய்தார். வீட்டு வேலைக்காரர் சிலரைத் தவிர, ஊரில் மிஞ்சியிருந்த நம் ஜனங்களை, சுமார் 1,400 பேரை, கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆண், பெண், குழந்தை எல்லாரும் அதில் அடக்கம். அவர்கள் இங்கிலீஷ்காரரின் காவல் வரிசைக்குப் போனார்கள். அங்கே உள்ளே விடாமல் விரட்டினார்கள். திரும்பி வந்தார்கள். கோட்டைக்காரர்களும் சேர்க்கவில்லை. இரண்டு துப்பாக்கி வரிசைகளுக்கும் நடுவே எட்டு நாள் அந்த ஜனங்கள் கிடந்தார்கள். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள். எட்டு நாள் கழித்து, பட்டினியால் கோட்டையைப் பணிய வைக்க இவர்களைத் தடுத்துப் பயனில்லை என்று கண்ட பிறகு, கூட் வழி விட்டார். எங்கே போனார்கள்? ஏற்கெனவே எரிந்து கிடந்த கிராமங்களின் பக்கம்தான் போயிருக்க வேண்டும். வேறு திசை அவர்களுக்கு இல்லை, மறுபக்கம் சமுத்திரம்.

1761 ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரி சரணடைந்தது. ஜெயித்தவர்கள் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் படம் எடுத்துக்கொள்கிற அழகான பிரெஞ்சுத் தெருக்கள் அதற்குப் பிறகு கட்டியவை.

எங்கள் பிரயாணத்தில் கூட்டின் முழங்கால் ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. அந்த 1,400 பேருக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. என் புகார் இவ்வளவுதான்.

*

உலகத்தில் நியாயம் கேட்க ஆள் இல்லாமல் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோற்றுப் போன லாலியைப் பாரிஸில் ராஜத் துரோகி என்று விசாரித்து 1766 மே மாதம் தலையை வெட்டினார்கள். அது அநியாயம் என்று வால்டேர் என்ற பேரறிஞர் பேனாவை எடுத்தார். 1778இல் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்ய வைத்தார்கள். ஒரு மனிதருக்கு நேர்ந்த அநீதிக்காக ஓர் எழுத்தாளர் போராடினார் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் லாலி வெளியே தள்ளிய ஜனங்களுக்காக எந்தப் பேனா எழுந்தது? இங்கே வால்டேர் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே ஊரில், அதே வருஷங்களில், டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு காலம் தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கவர்னர் மாளிகை வம்பு முதல் ஊரார் மூட்டை முடிச்சோடு ஓடிய பீதி வரை அதில் இருக்கிறது. 1904 முதல் அது ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. புதுச்சேரியில் அவர் வீடு இன்றும் இருக்கிறது. எங்கள் வேன் காலையில் அந்தத் தெருப்பக்கம்கூடப் போகவில்லை.

ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆட்சேபணை வழிகாட்டித் தம்பியுடையது. தேநீர்க் கடையில் அவரிடமே கேட்டேன். "தம்பி, நவம்பர் சம்பவம் உங்களுக்குத் தெரியுமா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் ஐயா. முதல் இரண்டு தடவை சொன்னேன். ஞாயித்துக்கிழமை அதுவுமா ஏன் இப்படி என்று ஒருத்தர் புகார் எழுதிட்டார். அழுகிற கதை வேண்டாம், தொப்பிக் கதை போதும்னு மேலே சொல்லிட்டாங்க." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. புகார் எழுதிய அந்த ஒருவர்மேல்தான் வந்தது. பெல்ஜியத்தில் ஈப்பர் என்று ஓர் ஊர் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் உடல்கூடக் கிடைக்காமல் போன 54,000க்கும் மேற்பட்ட சிப்பாய்களின் பெயர்களை அங்கே ஒரு வாசலில் செதுக்கி 1927இல் திறந்தார்கள். அந்தப் பெயர்களில் இந்தியர்களும் உண்டு. மறு வருஷத்திலிருந்து மாலை எட்டு மணிக்கு அங்கே எக்காளம் ஊதுகிறார்கள். அங்கேயும் சுற்றுலாப் பயணிகள்தான் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார்கள். மௌனமாக நின்றுவிட்டு அப்புறம் போய்ச் சாப்பிடுகிறார்கள். நமக்கு மட்டும் அந்தச் சக்தி இல்லை என்று யார் தீர்மானித்தது?

இரண்டாவது ஆட்சேபணை, வங்கி அதிகாரியுடையது. "அவங்க பேர் எதுவும் தெரியாதே சார், எப்படிச் சொல்றது?" என்றார். பெயர் தெரியாவிட்டால் எண்ணிக்கையைச் சொல்லலாம். எண்ணிக்கையும் தெரியாவிட்டால், வண்டி என்றும் மாடு என்றும் புல்வேர் என்றும் சொல்லலாம். முழங்கால் வலதா இடதா என்று தேடுகிற சிரத்தையில் பத்தில் ஒரு பங்கு போதும்.

மூன்றாவது ஆட்சேபணை தேசபக்தர்களுடையது. "தொப்பிகளைத் தூக்கி எறி, நம்மவர் வீரத்தைச் சொல்" என்பார்கள். இங்கேதான் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வந்தவாசியில் இரு பக்கமும் சேர்த்து ஐரோப்பியர் சுமார் நாலாயிரம் பேர் என்றால், நம் நாட்டுச் சிப்பாய்களும் குதிரை வீரர்களும் அதற்குக் குறையவில்லை. அவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். சம்பளத்துக்காக நின்றார்கள், அந்தச் சம்பளமும் பல சமயம் பாக்கி. அவர்களுக்குச் சிவப்புத் தொப்பிக்குப் பதிலாகக் காவித் தொப்பியோ மூவர்ணத் தொப்பியோ மாட்டினால் அதுவும் வேஷம்தான். இது இன்னொரு கட்சிக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவதற்கான வாதம் அல்ல. இங்கிலீஷ்காரரையும் பிரெஞ்சுக்காரரையும் பகைக்கச் சொல்லும் வாதமும் அல்ல. களத்தில் இரண்டு கட்சிகள் மட்டும் இருந்தன என்ற பொய்யை நிறுத்துங்கள் என்பதே வாதம். மூன்றாவது கட்சி ஒன்று இருந்தது. அதற்குத் தொப்பி கிடையாது. யார் ஜெயித்தாலும் அது தோற்றது.

*

இனி என் வழக்கின் முக்கியமான பிரதிவாதிக்கு வருகிறேன். அவர் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்.

அந்தத் தொப்பிகளைக் கண்டுபிடித்தது சுற்றுலாக்காரர்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நாங்கள் கண்டுபிடித்தோம்; நீங்கள் விரும்பி வாங்கினீர்கள். என் தொடர்கதைகளில் நள்ளிரவில் குதிரைகள் பறந்திருக்கின்றன. குதிரைக்குப் புல் யார் போட்டார்கள் என்று ஒரு வரி எழுதியதில்லை. கோட்டைகள் விழுந்திருக்கின்றன, கூரைகள் எரிந்ததில்லை. ஓர் அத்தியாயத்தில் ஐயாயிரம் பேர் கொண்ட படை ஆற்றங்கரையில் இறங்கி மூன்று நாள் தங்குகிறது. அந்த மூன்று நாள் அவர்கள் தின்ற அரிசி யாருடைய களத்து அரிசி என்று நானும் சொல்லவில்லை. ஒரு வாசகர்கூடக் கடிதம் போட்டுக் கேட்கவில்லை. கதாநாயகி அணிந்திருந்தது மரகத மாலையா, மாணிக்க மாலையா, முன்பின் முரணாக இருக்கிறதே என்று நாற்பது கடிதங்கள் வந்தன.

முடியாத காரியம் என்றும் சொல்வதற்கில்லை. புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்தே நாவல்கள் எழுதிக் காட்டினார். அவற்றில் ஒன்றான 'வானம் வசப்படும்' நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. வழி திறந்தேதான் இருக்கிறது. அந்த வழியில் குதிரை வேகமாக ஓடாது என்று நாங்கள்தான் போகவில்லை.

சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. வேனை நிறுத்தவேண்டாம், பிரயாணம் நடக்கட்டும். செஞ்சியும் வந்தவாசியும் பார்க்க வேண்டிய இடங்கள்தான். தொப்பியை மட்டும் எடுத்துவிட்டு, திரும்பும் வழியில், கண்டமங்கலத்தில் தேநீர் குடித்து முடித்த பிறகு, பாட்டை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் அந்தத் தம்பியைப் பேச விடுங்கள். வில்லியனூர் வருவதற்குள் அவர் சொல்லி முடித்துவிடுவார். வெளியே ஓடுகிற வயல்களையே பார்த்துக்கொண்டு கேட்கலாம். அதைவிட நல்ல பொருட்காட்சி சாலை எந்த அரசாங்கமும் கட்ட முடியாது.

தேநீர்க் கடையில் அந்த டிரைவருக்கு நான் சொன்ன பதில், "தெரியலையே" என்பதுதான். தெரிந்துகொண்டே சொன்னேன், பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டு சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அவர் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார்.

"கொடுத்திருக்க மாட்டாங்க சார். கொடுத்திருந்தா கணக்குல இருக்கும். கணக்குல இருந்தா இந்தத் தம்பி சொல்லியிருப்பாரு."

இரவு சிவப்புக் கட்சி ஜெயித்தது. ஐஸ்கிரீம் எல்லாருக்குமே கொடுத்தார்கள். வேனைப் பூட்டிக்கொண்டிருந்தவருக்கு மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் என் கிண்ணத்தைப் பாதி தின்ற பிறகு.